பொறியின் வேர்வரை தமிழ் செல்லுதல் வேண்டும்!

கணிப்பொறி, இணையம், மின்னஞ்சல், கோப்பு, திரை, விசைப்பலகை என்னும் சொற்களெல்லாம் இன்று சிற்றூர்ப் பள்ளிச் சிறுவர் வாயிலும் இயல்பாக வழங்குகின்றன. 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையை நாட்டியபொழுது, இஃது ஆகுமோ என்று நகையாடியவர்களின் வழிவந்தோரும் இற்றைநாள் இச்சொற்களைக் கூச்சமின்றி ஆள்கின்றனர். தமிழால் முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு இதுவே சான்று. இதில் நாம் பெருமிதங் கொள்ளலாம். ஆனால் அப்பெருமிதத்தோடு நின்றுவிடுதல் ஆகாது. கடையின் பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதியாயிற்று. உள்ளே கொள்வினை கொடுப்பினை எம்மொழியில் நடக்கின்றது என்று எட்டிப் பார்த்தவர் நம்முள் எத்துணைப் பேர்? திரையின்மேல் தெரியும் சொற்களைத் தமிழாக்குவது மேற்பூச்சு. அத்திரைக்குக் கீழே, எழுத்து எண்ணாகவும் எண் மின்துடிப்பாகவும் மாறுகின்ற அடித்தளத்தில் தமிழுக்கு என்ன இடம் என்பதே இத்திங்கள் நாம் எழுப்பும் வினா.

சொல்லின் மேற்றோற்றங் கண்டு மயங்காமல் அதன் வேர்வரை தோண்டிச் செல்லுதலே பாவாணர் வாழ்நாள் முழுதும் செய்துகாட்டிய நெறி. அந்நெறியைப் பொறிக்கும் பொருத்துவோம். இன்றைய கணிப்பொறிகளின் வேர் எங்குளது? பெரும்பாலும் ‘சி’ என்னும் ஓரெழுத்துப் பெயர் பூண்ட நிரல்மொழியில் உளது. அமெரிக்காவின் நியூ செர்சியில் இருந்த பெல் ஆய்வகத்தில், 1972ஆம் ஆண்டையொட்டித் தெனிசு இரிட்சி என்பார் அதனை உருவாக்கினார். கென் தாம்சன் ஆக்கிய ‘பி’ மொழி அதற்கு முன்னோடி. 1973ஆம் ஆண்டில் யூனிக்சு என்னும் இயங்குதளத்தின் உட்கருவையே அம்மொழியில் மாற்றி எழுதினர். உட்கரு என்பது, ஆங்கிலவர் கெர்னல் என வழங்குவது. வன்கருவிகளுக்கும் நாம் ஆளும் நிரல்களுக்கும் இடையே நின்று, எவற்றுக்கு எவ்வளவு நினைவகம், எவற்றுக்கு எப்பொழுது செயலி என்று பங்கிட்டளிக்கும் நடுவண் நிரல். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த இலினசு தோர்வால்சு தொடங்கிய இலினக்சு உட்கருவும் சி மொழியிலேயே எழுதப்பட்டது. நம் கையிலுள்ள ஆண்டிராய்டுப் பேசிகளின் அடியில் இயங்குவது அந்த இலினக்சு உட்கருவே. எனவே, சி மொழியை அறியாதவன் தன் சட்டைப்பைக்குள் நடப்பதை அறியாதவன் ஆகின்றான்.

கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குவோம். கரிய முனையத் திரையில் ஒரு சொல்லைச் சிவப்பு நிறத்தில் காட்டவேண்டுமா? சி மொழியில் அதற்கெனத் தனி ஆணை ஏதுமில்லை. எழுத்துகளை அச்சிடும் அதே ஆணையால், 27 என்னும் மதிப்பையும், ஒரு சதுர அடைப்பின் திறப்புக்குறியையும், 31 என்பதையும், ‘எம்’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தையும் தொடர்ந்து அனுப்பினால் போதும். முனையம் அவற்றைத் திரையில் காட்டாது. ஆணையென அறிந்து, அடுத்து வரும் எழுத்துகளையெல்லாம் சிவப்பாகக் காட்டும். 32 பச்சை, 34 நீலம், 0 என்றால் பழைய நிலை. இவ்வெண்கள் மனம்போனவாறு வைக்கப்பட்டவை அல்ல. சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்துக்கு 4 எனக் கொண்டு 30உடன் கூட்டப்பட்டவை. சிவப்பொளியும் பச்சையொளியும் கலந்தால் மஞ்சள் ஆதலின், 33 மஞ்சள்; மூன்றும் கலந்த 37 வெண்மை; எதுவுமில்லாத 30 கருமை. இவ்வகை ஆணைத்தொடர்களுக்கு ஐரோப்பியக் கணிப்பொறி ஆக்குநர் கழகம் 1976ஆம் ஆண்டில் தரம் வகுத்தது. 1979இல் அமெரிக்கத் தரம் வந்தது. 1978இல் வெளிவந்த வி.டி.100 என்னும் முனையம் அம்முறையைப் பரப்பியது. இன்றும் உலகெங்கும் அதுவே நடைமுறை.

இதனால் நாம் அறிவது யாது? பொறிக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. எண் ஒன்று, அவ்வெண்ணுக்கு இன்னது பொருள் என்று சிலர் கூடிச் செய்த உடன்பாடு ஒன்று, அவ்வளவே. உடன்பாடு செய்யும் அவையில் இருந்தவன் சொன்னது அரை நூற்றாண்டு நிலைக்கின்றது. அவையில் இல்லாதவன் அதனை ஏற்றுக்கொண்டு வாழ்கின்றான்.

நிறத்துக்கு எண் வகுத்தது போன்றே எழுத்துக்கும் எண் வகுத்தனர். நம் இடர் இங்கே தொடங்குகின்றது. சி மொழியில் எழுத்துக்கென ஓர் அடிப்படை வகை உண்டு. இன்றைய பொதுப்பொறிகளில் அதன் அளவு எட்டு இருமக்கூறு. அஃதாவது பைட்டு எனப்படும் ஒரே நினைவக அறை. ஓரறையில் 256 மதிப்புகளே அடங்கும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஓரறையில் வசதியாகக் குடியேறிவிட்டது. தமிழுக்கு அவ்வாறு அமையவில்லை. ஒருங்குறியில் ‘க’ என்பதன் எண் 2965. அதனை இன்று பெருவழக்காகவுள்ள முறையில் 224, 174, 149 என மூன்று அறைகளில் எழுதுகின்றோம். ‘தமிழ்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் இலக்கணப்படி அது மூன்றெழுத்து. தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஒருங்குறிக்கு அது ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்றறை வீதம், சி மொழியின் நீளங்காணும் செயற்கூறுக்கு அது பதினைந்து! பத்து இட அகலமுள்ள பத்தியில் இச்சொல்லை அச்சிடு என்று ஆணையிட்டால், பதினைந்து ஆயிற்றே என்று எண்ணி அஃது ஓர் இடைவெளியும் விடாது; பத்திகள் கோணலாகும். ஒருவர் பெயரை இருபது அறைக்குள் வெட்டிச் சேமி என்றால், ஆறு குறிகள் போக ஏழாவது நடுவில் அறுபட்டுப் பொருளற்ற கறையாக நிற்கும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணி எழுதிய நிரல்களில் தமிழ்ப்பெயர்கள் வால்வெட்டுண்டு நிற்பதன் கரணியம் இதுவே.

இம்மூவறை முறையில் சூழ்ச்சி ஏதுமில்லை. 1992இல் கென் தாம்சனும் இராபு பைக்கும் வகுத்த அம்முறையில் தேவநாகரிக்கும் பெரும்பாலான சீன எழுத்துக்கும் அதே மூன்றறைதான். இல்லாத பகைவனைத் தேடி நாளைக் கழிக்க வேண்டா. ஆனால் எழுத்துகளை எண்ணில் வரிசைப்படுத்தியது வேறு கதை. இந்திய எழுத்துகளுக்கென 1988ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட குறியீட்டு முறையின் அச்சிலேயே, 1991இல் ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கினர். க 2965, ங 2969. இடையிலுள்ள மூன்று எண்களும் வெற்றிருக்கைகள். வல்லெழுத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவு கொண்ட வடவெழுத்தின் அச்சில் தமிழை இருத்தியதால் விடப்பட்ட இருக்கைகள் அவை. தமிழ் நெடுங்கணக்கு அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிவது. தொல்காப்பியம் வகுத்த முறை அது. ஒருங்குறியிலோ, னகரம் 2985, பகரம் 2986. ழகரம் வகரத்துக்கு முன்னும், ஆய்தம் அகரத்துக்கு முன்னும், ககர மெய் ‘கௌ’வுக்குப் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. சி மொழியின் எளிய ஒப்பீட்டுச் செயற்கூறைக் கொண்டு தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்தினால், எந்தத் தமிழ் அகரமுதலியிலும் காணாத வரிசை கிட்டும்.

இதற்குத் தீர்வு இல்லையா? உண்டு. நெடுங்கணக்கு வரிசையை ஒரு பட்டியலாக எழுதி, அதனைப் பார்த்து ஒப்பிடும் செயற்கூறு ஒன்றைச் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். எழுதுபவன் வேண்டும்; அதுதான் குறை. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டு முறையைத் தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் தரமாக அறிவித்தது, வரவேற்கத்தக்க முயற்சியே. ஆனால் ஆணை வெளியிடுவது வேறு; அதனைப் பொறிதொறும் நடத்திக்காட்டும் நிரலை எழுதுவது வேறு. பின்னது நிகழாத இடத்தில் முன்னது தாளோடு நின்றுவிடும்.

இன்னும் ஒரு படி கீழே இறங்குவோம். ஐ.பி.எம். வகைக் கணிப்பொறியின் வண்ண எழுத்துத்திரைக்குரிய நினைவகம் 753664 என்னும் முகவரியில் தொடங்கும். 80 பத்தியும் 25 வரியும் கொண்ட 2000 கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டறை. முதலறையில் எவ்வெழுத்து என்னும் எண். இரண்டாம் அறையில் அதன் நிறமும் பின்னணி நிறமும். உட்கரு எழுதுவோன் சி மொழியின் சுட்டு ஒன்றை அம்முகவரியில் நிறுத்தி ஓர் எண்ணை எழுதினால், வேறு எந்நிரலின் துணையுமின்றி எழுத்து திரையில் தோன்றும். அத்திரை ஏற்கும் வடிவங்கள் 256. நிறத்துக்குரிய இருமக்கூறு ஒன்றை விட்டுக்கொடுத்தால் 512. தமிழின் எழுத்துகள் 247. ஆங்கிலக் குறியீட்டின் 128ஐயும் கூட்டினாலும் 375தான், எண்ணிக்கையளவில் தடையில்லை. கட்டத்தின் அகலம் குறுகியது என்பதும், குறிகளைச் சேர்த்து ஓரெழுத்தாக்கும் முறை அங்கே அமைக்கப்படவில்லை என்பதுமே தடை. ‘கொ’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கவேண்டும் என்று அத்திரைக்குச் சொல்லிக்கொடுத்தவர் இலர். அதனால், பொறி விழித்தெழும்போதும் பழுதுற்று வீழும்போதும் உட்கரு அத்திரையில் தமிழிற் பேசுவதில்லை.

இனி, எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள குறுக்கீட்டுக்கு வருவோம். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்துகின்றீர்கள். பழைய வகைப் பொறியில் நடப்பது இது: குறுக்கீட்டுத் தடம் ஒன்றில் மின்குறி எழுகின்றது. செயலி தான் செய்துகொண்டிருந்த ஆணையை முடித்து, விட்ட இடத்தை நினைவகத்தின் அடுக்கில் குறித்துவைத்து, 256 இடங்கள் கொண்ட குறுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்து, அதற்குரிய செயற்கூறுக்குத் தாவுகின்றது. அச்செயற்கூறு 96ஆம் வாயிலிலிருந்து ஓர் எண்ணைப் படிக்கின்றது. நடுவரிசையின் இடப்பக்க முதல் எழுத்துவிசை என்றால் 30. விரலை எடுத்தால் 128 கூட்டி 158. படித்து முடித்ததும், வேலை முடிந்தது என்று அறிவித்துவிட்டுச் செயலி விட்ட இடத்துக்கே மீள்கின்றது.

இங்கே கூர்ந்து நோக்குக! உட்கருவின் வாயிலுக்கு வந்தது ஆங்கில ‘ஏ’ அன்று, தமிழ் ‘அ’வும் அன்று, 30 என்னும் வெற்றெண். இன்றைய விசைப்பலகைகளில் வழி வேறாயினும், வருவது விசையின் எண்ணே. அதற்கு மேலடுக்கில் உள்ள பட்டியல் ஆங்கிலமாயின் அது ‘ஏ’ ஆகின்றது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 பட்டியலாயின் அதே 30 ‘அ’ ஆகின்றது. பொறிக்குத் தாய்மொழி இல்லை. ‘கணிப்பொறியின் மொழி ஆங்கிலம், தமிழ் அதற்கு ஒவ்வாது’ என்று சொல்லித் திரிவோர் இவ்வொன்றை அறிவாராக. அடித்தளத்தில் ஆங்கிலமும் அயல்மொழியே. அது முந்திக்கொண்டு பட்டியலை நிரப்பியது, நாம் பிந்தினோம். வேறுபாடு அவ்வளவே.

குறுக்கீட்டைக் கையாளுவதில் உட்கரு எழுதுவோர் போற்றும் ஒழுங்கு ஒன்றுண்டு. குறுக்கீடு எழுந்த நொடியில் செய்யவேண்டியதை மிகக் குறைவாகச் செய், எண்ணை வாங்கி வரிசையில் வை, உறங்காதே, உடனே திரும்பு. நெடிய வேலையைப் பின்னர்ச் செய்தற்கெனத் தள்ளிவை. முற்பாதி, பிற்பாதி என்று இவ்விரண்டையும் பிரித்து எழுதுவர். முற்பாதி நீண்டால் அடுத்த குறுக்கீடுகள் தவறும். பிற்பாதி நடவாமற் போனால், பெற்றுவைத்த எண்களெல்லாம் வரிசையிலேயே கிடந்து மாயும்.

நம் வரலாற்றை இவ்வொழுங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1938உம் 1965உம் தமிழர் எழுப்பிய மாபெரும் குறுக்கீடுகள். செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, ஆட்சியாளர் திரும்பிப் பார்த்தாக வேண்டியிருந்தது. உயிரீந்தோர் தம் கடமையை முடித்துச் சென்றனர். அவர்கள் வரிசையில் வைத்துச் சென்ற பிற்பாதி வேலை என்னவாயிற்று? எல்லாத் துறையும் தமிழில் கற்பிக்கப்படும் நிலை வந்ததா? 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடவியல், எந்திரவியல் என்னும் இரு பொறியியல் துறைகளில் தமிழ்வழிப் படிப்புத் தொடங்கப்பட்டது. கணிப்பொறித் துறை அத்தொடக்கத்தில் இடம்பெறவில்லை. முழக்கம் முற்பாதி, நூலும் நிரலும் பிற்பாதி. முற்பாதியையே மீண்டும் மீண்டும் இயக்கிக்கொண்டிருக்கும் இயக்கம் எதனையும் முடிக்காது.

இவ்விடத்தில், தனித்தமிழன்பர் சிலர்க்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1989ஆம் ஆண்டுத் தரப்படி சி மொழியின் கட்டளைச் சொற்கள் 32. அவற்றுக்கு ஈடாக ‘எனில்’, ‘வரை’, ‘திரும்பு’ எனத் தமிழ்ச்சொற்களை வகுத்து, 32 வரிகளில் முன்னீட்டுப் பதிலிகளாக எழுதிவிட்டால், தமிழிலேயே நிரல் எழுதலாம். 2020இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற தொகுப்பி, மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழெழுத்திலேயே நேரடியாகப் பெயரிட இடந்தருகின்றது. இவை நல்லவையே, செய்க. ஆனால் 32 சொற்களை மாற்றியதோடு கணிப்பொறியியல் தமிழாகிவிட்டது என்று மகிழற்க. அந்த 32 சொற்களை ஒரு கிழமையில் எவரும் கற்பர். அவற்றைக்கொண்டு நினைவகத்தை எப்படி ஆள்வது, குறுக்கீட்டின் நடுவே மாறக்கூடிய மாறியைத் தொகுப்பி கவனியாது விட்டுவிடாதவாறு எப்படிக் காப்பது என்னும் அறிவே கடலளவு. அக்கடல் தமிழில் பாயவேண்டும்.

பொருளறியாது சொல் ஆக்குவதும் கேடே. குறுக்கீட்டைத் ‘தடை’ என்று பெயர்ப்பார் உளர். தடை நிறுத்திவிடுவது, குறுக்கீடோ இடையில் வந்து, பணியை முடித்து, விட்ட இடத்திலேயே மீண்டும் தொடரச் செய்வது. முகவரியைத் தன்னுள் வைத்துப் பிறிதோர் இடத்தைக் காட்டும் மாறிக்குச் ‘சுட்டி’ என்கின்றனர். கையால் நகர்த்தும் கருவிக்கும் அதே பெயரை வைத்துவிட்டு மாணவனைத் திகைக்க விடுகின்றனர். அ, இ, உ என்பவற்றுக்குச் சுட்டு எனப் பெயரிட்ட இலக்கணம் நம்முடையது. தான் பொருளாகாது பொருளை நோக்கிக் கைகாட்டுவது சுட்டு. சி மொழியின் அம்மாறிக்கு இதனினும் பொருந்திய பெயர் எம்மொழியில் உண்டு? இவ்வாறு பொருளை உள்ளிருந்து கண்டவனே நின்று நிலைக்கும் சொல்லை ஆக்கமுடியும். சொல்லாக்குவோன் நிரல் அறிக. நிரல் எழுதுவோன் இலக்கணம் அறிக.

எனவே, அன்பர்கள் செய்யவேண்டியவை இவை. முதலாவது, ஒவ்வோர் ஊர்த் தமிழ்மன்றமும் கிழமைக்கு ஒருநாளேனும் மாணவர்க்குச் சி மொழியைத் தமிழில் கற்பிக்க ஏற்பாடு செய்தல்வேண்டும். முனையத்தில் ஒரு சொல்லைச் சிவப்பாக்குவதில் தொடங்கினால், சிறுவர்க்கு ஆர்வம் தானே பிறக்கும். இரண்டாவது, தமிழ்ச்சொற்களை எழுத்தெண்ணிக்கைப்படி அளக்கவும், நெடுங்கணக்கு வரிசைப்படி அடுக்கவும், நடுவில் அறுபடாது வெட்டவும் வல்ல செயற்கூறுகளை எழுதி, விலையின்றி எல்லார்க்கும் வழங்குதல்வேண்டும். மூன்றாவது, இலினக்சு உட்கருவின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கின்றது. அதனைப் பகுதி பகுதியாகத் தமிழில் விளக்கும் நூல்கள் வருதல்வேண்டும். நான்காவது, கணிப்பொறியியலைத் தமிழ்வழியில் கற்பிக்குமாறு அரசை வலியுறுத்துதல்வேண்டும். வலியுறுத்துவோர் கையில் பாடநூலும் இருத்தல்வேண்டும்.

ஒருவரால் என்ன ஆகும் என்று எவரும் சோர வேண்டா. 2004ஆம் ஆண்டில் இலினக்சு உட்கருவில் ஒரு சிறு ஏற்பாடு இடம்பெற்றது. அதற்குமுன், முனையத்தில் அழிப்புவிசையை அழுத்தினால் உட்கரு ஓர் அறையை மட்டுமே அழிக்கும். மூன்றறைத் தமிழ்க்குறி மூளியாய் நிற்கும். அவ்வேற்பாட்டுக்குப் பின் ஒரு குறி முழுதாக அழிகின்றது. சில வரிகளே! அச்சில வரிகள் தமிழ் உட்பட எத்தனையோ எழுத்துமுறைகளுக்குப் பயன்பட்டன. ஆயினும் ‘மி’ என்பதில் இன்றும் இகரக்குறி மட்டுமே அழிகின்றது. உயிர்மெய் ஓரெழுத்து என்னும் நம் இலக்கணம் இன்னும் அங்கே எட்டவில்லை. அடுத்த சில வரிகளை எழுதவேண்டியவர் யார்?

இருக்கைகள் காத்திருக்கின்றன. முன்பு பிந்தினோம், இனியும் பிந்தலாகாது. தமிழிளைஞனே, திரையின்மேல் தமிழைக் கண்டு மகிழ்ந்தது போதும். திரைக்குக் கீழே இறங்கு! வரிசையில் நெடுநாளாய்க் கிடக்கும் பிற்பாதி வேலையை எடுத்துச் செய்! பொறியின் வேர்வரை தமிழ் செல்லட்டும்!